கரிலான் மணி சரியாக ஒலிக்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

பல்கலைக்கழக மணிக்கோபுரத்தில் கரிலான் (கட்டைகளை அடித்து இசையாக வாசிக்கும் மணிகளின் தொகுப்பு) பராமரிப்புக்குப் போன முதல் வாரமே எனக்கு வந்த புகார், "மேலே ஒரு மணி உடைஞ்சுபோச்சு" என்பது. பதறிக்கொண்டு ஏறினேன். மணிக்கு ஒன்றும் இல்லை. முந்தைய இரவு குளிர் இறங்கியதில் கம்பி சுருங்கி, நாக்கு மணியைத் தொட்டுக்கொண்டு நின்றது. கீழே கருவியை வாசிக்கும் அறையில் டர்ன்பக்கிளை, அதாவது கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் மரை இணைப்பை, கொஞ்சம் தளர்த்தியதும் மணி கணீர் என்று பேசியது. அதற்கப்புறம் இத்தனை வருடத்தில் வந்த புகார்களில் பெரும்பாலானவை இதே குடும்பம்தான். குற்றம் கம்பியில் இருக்கும், பழி மணிமேல் விழும். அதனால்தான் பிழையைக் கீழிருந்து மேலே தேடச் சொல்கிறேன். கம்பியை மாற்றலாம், நாக்கை மாற்றலாம். மணியில் தவறாகக் கை வைத்துவிட்டால் திருப்ப முடியாது.

கரிலான் என்றால் குறைந்தது 23 வெண்கல மணிகள். மணிகள் ஆடுவதில்லை, நாக்கு மட்டும்தான் அசையும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராக்ஃபெல்லர் சேப்பலில் 72 மணிகள், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துச் சேதர் கோபுரத்தில் 61, பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக நூலகத்தில் 63. எண்ணிக்கை எதுவானாலும் ஒவ்வொரு மணிக்கும் பாதை ஒன்றே: வாசிப்பவர் மூடிய முஷ்டியால் அடிக்கும் மரக்கட்டை, அதன் மேல் டர்ன்பக்கிள், செங்குத்துக் கம்பி, திசை திருப்பும் கிராங்க், கிடைக்கம்பி, நாக்கு, கடைசியாக மணி. தேடலும் இதே வரிசையில்தான் போக வேண்டும்.

மேலே ஏறும் முன்

மணிநேரம் அடிக்கும் தானியங்கியை அணைத்து, சுவிட்சில் பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அணைத்தேன் என்று ஒருவர் சொன்னதை நம்பி ஏறாதீர்கள். காது மஃப் கட்டாயம். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கட்டையில், ஒருவர் மணிக்கூடத்தில், இருவரிடமும் வாக்கிடாக்கி. மேலே இருப்பவர் "அடி" என்று சொல்லாமல் கீழே இருப்பவர் எந்தக் கட்டையையும் தொடக் கூடாது. பெரிய மணியின் நாக்குக்கும் மணிக்கும் நடுவே கையோ தலையோ ஒருபோதும் போகக் கூடாது. அந்த நாக்கு நூற்றுக்கணக்கான கிலோ எடை.

அறிகுறி 1: கட்டையை அடித்தால் சத்தமே இல்லை

முதலில் கட்டையை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள்.

*கட்டை எடையே இல்லாமல் தொளதொள என்று விழுகிறது.* கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கிறது. டர்ன்பக்கிளின் மரை முழுக்கக் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். அதிர்வில் கழல்வது சகஜம், பூட்டு நட் இறுக்காமல் விட்டிருந்தால் நிச்சயம் கழலும். அது சரியாக இருந்தால் கம்பியைக் கண்ணால் பின்தொடர்ந்து மேலே போங்கள். கம்பி நடுவில் அறுவது அபூர்வம். முறுக்கி வளையம் போட்ட முனையில், கிராங்க் துளையில் மாட்டும் இடத்தில்தான் அறும்.

ஒரு மணிக்கு ஒரே வருடத்தில் மூன்று முறை கம்பி அறுந்தது. மூன்று முறையும் மாற்றிவிட்டு இறங்கினோம். நான்காவது முறை டார்ச்சை அருகில் பிடித்துக் கிராங்க் துளையின் உள்விளிம்பை நகத்தால் தடவினேன். நகம் தட்டியது. துளையிட்டபோது விட்டுப்போன மெல்லிய பிசிறு, ஒவ்வொரு அடிக்கும் கம்பியை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வட்ட அரத்தால் இரண்டு நிமிட வேலை. அதற்கப்புறம் அந்தக் கம்பி ஒருமுறைகூட அறுந்ததில்லை. எனவே கம்பி மாற்றினால் அது மாட்டியிருந்த துளையையும் தடவிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

*கட்டையில் எடை இருக்கிறது, ஆனால் அசையவில்லை.* நாக்கை யாரோ கட்டிப் போட்டிருக்கிறார்கள். பழுது பார்க்கும்போது கட்டிய கயிற்றை அவிழ்க்க மறந்திருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால் கிராங்க் இடுக்கில் பறவைக்கூட்டின் குச்சி சிக்கியிருக்கும்.

*கை கட்டையில் சத்தம் இல்லை, அதே சுரத்தின் மிதிகட்டையில் சத்தம் வருகிறது.* கீழ் சுரங்களில் கைக்கட்டையும் மிதிகட்டையும் இணைந்திருக்கும். மிதி வேலை செய்தால் மேலே எல்லாம் சரி. கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பில், வாசிப்பு அறைக்குள்ளேயே இருக்கிறது. படி ஏற வேண்டாம்.

*நிபுணரை அழைக்க வேண்டிய இடம்:* நாக்கே கழன்று தொங்கினாலோ, நாக்கு தொங்கும் போல்ட்டில் வெடிப்புத் தெரிந்தாலோ. கீழே யாரும் போகாமல் தடுத்துவிட்டு உடனே அழையுங்கள்.

அறிகுறி 2: 'கணீர்' வர வேண்டிய இடத்தில் 'டொக்'

எனக்கு அதிகம் வந்த புகார் இதுதான்.

மணி முழுதாக ஒலிக்க வேண்டுமானால் நாக்கு அடித்த மறுகணமே விலகிவிட வேண்டும். கட்டையை அடிமட்டம் வரை அழுத்திப் பிடித்தாலும் நாக்குக்கும் மணிக்கும் நடுவே சிறிய இடைவெளி மிஞ்ச வேண்டும். நடுத்தர மணிகளுக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், சிறியவற்றுக்கு அதைவிடக் குறைவு, பெரியவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல். கடைசி அந்தத் தூரத்தை நாக்கு தன் வேகத்தில்தான் கடக்கிறது.

சோதனை சுலபம். கட்டையை மிக மிக மெதுவாக, மூச்சு விடுவதுபோல, அடிவரை அழுத்துங்கள்.

- சத்தமே வரவில்லை என்றால் இடைவெளி இருக்கிறது.
- 'டிக்' என்று தொடும் சத்தம் கேட்டால் இடைவெளி போய்விட்டது. டர்ன்பக்கிளைக் கால் சுற்று தளர்த்தி மறுபடி சோதியுங்கள்.
- சத்தம் வரவில்லை, ஓங்கி அடித்தாலும் ஒலி பலவீனமாகவே வருகிறது என்றால் இடைவெளி அதிகம். கால் சுற்று இறுக்குங்கள்.

ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். பக்கத்து மணியோடு மாற்றி மாற்றி அடித்துக் கேட்டுத்தான் அடுத்த கால் சுற்று.

இந்த இடைவெளி நேற்று சரியாக இருந்ததே என்று கேட்பார்கள். 10 மீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, 20 டிகிரி சூடு கூடினால் 3 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். மணிகளைத் தாங்கும் சட்டமும் விரியும்தான், ஆனால் கனத்த சட்டம் மெதுவாகச் சூடேறும், மெல்லிய கம்பி சட்டென்று ஏறிவிடும். வெயில் ஏறினால் நாக்கு தள்ளிப்போய் ஒலி மெலியும், குளிர் இறங்கினால் நாக்கு ஒட்டிக்கொண்டு 'டொக்' வரும். நல்ல வாசிப்பாளர்கள் ஒவ்வொரு கச்சேரிக்கும் முன் டர்ன்பக்கிள்களை வரிசையாகத் தொட்டுச் சரிசெய்வது இதற்காகத்தான். அதைப் பழுது என்று எண்ணக் கூடாது, வீணைக்குச் சுருதி சேர்ப்பதுபோல அன்றாட வேலை அது.

எல்லா மணியும் ஒரே நாளில் 'டொக்' என்றால் வானிலை. ஒரு மணி மட்டும் என்றால் அதன் கம்பியைப் பாருங்கள். இடைவெளி சரியாக இருந்தும் 'டொக்' போகவில்லை என்றால் இரண்டு இடம் பாக்கி. முதலாவது, தானியங்கியின் வெளிச்சுத்தியல் திரும்பிப் போகாமல் மணிமேல் சாய்ந்து கிடக்கலாம். மணிக்கூடத்தில் பார்த்தாலே தெரியும், அதன் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும். இரண்டாவது, மணியின் உதட்டில், அதாவது கீழ் விளிம்பில், ஏதாவது முட்டிக்கொண்டிருக்கலாம்: தொங்கும் மின்கம்பி, பறவை வலையின் ஓரம், எதுவும்.

இவை எதுவும் இல்லை, ஒலி இன்னமும் செத்துத்தான் இருக்கிறது என்றால் வாசிப்பை நிறுத்துங்கள். அறிகுறி 5-இன் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி 3: ஒரு அடிக்கு இரண்டு தட்டல்

சிறிய மணிகளில்தான் இது வரும். அவற்றின் நாக்கு எடை குறைந்தது, தன் பாரத்தில் விலகிப் போகாது. அதை இழுத்து விலக்கவே ஒரு திருப்பு ஸ்ப்ரிங் இருக்கும்.

மேலே சொன்ன இடைவெளிச் சோதனையை முதலில் செய்யுங்கள், பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். பிறகு ஸ்ப்ரிங். கையால் நாக்கை மணிப்பக்கம் தள்ளி விடுங்கள், சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் ஸ்ப்ரிங்கை ஒரு கண்ணி இறுக்குங்கள், துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள். ரொம்பவும் இறுக்கினால் கட்டை கனக்கும், மெல்லிய வாசிப்பு வராது. மூன்றாவது, நாக்கின் அச்சில் ஆட்டம் இருக்கிறதா என்று பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அதை மாற்ற நாக்கை இறக்க வேண்டும், அது நிபுணர் வேலை.

இன்னொன்று: புதிதாகக் கற்பவர் வாசிக்கும்போது மட்டும் இரட்டைத் தட்டல் வந்தால் கருவியைத் திறக்காதீர்கள். கட்டையை அடித்துவிட்டு அமுக்கிப் பிடித்திருப்பார்கள்.

அறிகுறி 4: கட்டை கனக்கிறது, அல்லது திரும்பி எழவில்லை

ஒரு கட்டை மட்டுமா, எல்லாமா?

*ஒன்று மட்டும்:* டர்ன்பக்கிள் இருக்கும் இடத்தில் மரையை டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு கம்பியைக் கழற்றி, கட்டையை மட்டும் தனியாக ஆட்டிப் பாருங்கள். இதைச் சிறிய, நடுத்தர மணிகளுக்கு மட்டும் செய்யுங்கள். பெரிய மணியின் கம்பியை அவிழ்த்தால் நாக்கு பாய்ந்து பின்னால் போகும்.

தனியாகவும் கனத்தால் குறை கட்டையில். ஈரத்தில் மரம் உப்பி வழிகாட்டி ஊசியில் உரசும், இல்லையென்றால் ஃபெல்ட் (மெத்தையாக ஒட்டிய கம்பளித் துணி) கிழிந்து மடங்கியிருக்கும். தனியாக லேசாக ஆடினால் குறை மேலே. கம்பி தளத்துத் துளையின் ஓரத்தில் உரசுகிறதா, கிராங்க் பேரிங் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். புறா எச்சம் காய்ந்து பேரிங்கைச் சிமெண்ட் போலப் பூட்டியிருப்பதை எத்தனையோ முறை சுரண்டி எடுத்திருக்கிறேன். அந்த எச்சம் உலோகத்தையும் அரிக்கும். வலை கட்டுவது செலவு இல்லை, சேமிப்பு.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். கண்ட ஸ்ப்ரேயையும் அடித்துவிடாதீர்கள். மூடிய பேரிங்குக்கு எண்ணெய் தேவையில்லை, அதிகம் இறுகினால் பேரிங்கையே மாற்ற வேண்டும். ஃபெல்ட், தோல் உள்ள இடங்களில் எண்ணெய் பட்டால் தூசி பிடித்துப் பிசுக்காகி முன்பைவிட மோசமாகும்.

*எல்லாம் கனக்கிறது:* உறைபனி நாளில் கிராங்க்குகளில் பனி கட்டியிருக்கலாம், காத்திருங்கள். வருடத்துக்கு வருடம் கனம் கூடிக்கொண்டே போகிறது என்றால் இணைப்பு முழுவதுமே தேய்ந்துவிட்டது. ஒவ்வொன்றாக மாற்றிக் காசைக் கரைக்காமல் மொத்தச் சீரமைப்புக்கு மதிப்பீடு கேளுங்கள். சிகாகோவின் கரிலான் 1932-இல் அர்ப்பணிக்கப்பட்டது, அதன் பெரும் சீரமைப்பு 2008-இல்தான் முடிந்தது. எந்தக் கருவிக்கும் இந்த நாள் வரும், பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

அறிகுறி 5: ஒலியோடு 'ஜ்ர்ர்ர்' என்ற அதிர்வு

மணி ஒலிக்கும்போது கோபுரமே லேசாக நடுங்கும். தளர்ந்தது எதுவானாலும் அந்த நேரம் பேசும். கீழே இருப்பவர் அந்த மணியை மூன்று விநாடிக்கு ஒருமுறை ஒரே பலத்தில் அடிக்கட்டும். மேலே இருப்பவர் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பொருளைக் கையால் அழுத்திப் பிடிக்கட்டும்: ஜன்னல் சட்டம், வலை, விளக்கு, கேபிள் கிளிப், பக்கத்து மணியின் சுத்தியல், சட்டத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன வாஷர். கை எங்கே பட்டதும் 'ஜ்ர்ர்' நிற்கிறதோ அங்கேதான் குற்றவாளி. இரண்டு மணிநேரம் தேடி, கடைசியில் அது எங்களுடைய ஸ்பேனர் என்று கண்டுபிடித்தோம். உத்திரத்தின் மேல் போன மாதத்திலிருந்து கிடந்திருக்கிறது.

வெளியில் எதுவும் இல்லையென்றால் மணியைத் தாங்கும் போல்ட்டுகள். தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம், ஆனால் நீங்களே இறுக்காதீர்கள். மிகையாக இறுக்கினால் மணியின் கொண்டையில், அதாவது உச்சியில், அழுத்தம் ஏறும்.

'ஊம்ம்… ஊம்ம்…' என்று அலைபோல ஒலி ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம். வார்ப்பில் மணி முழு வட்டமாக, ஒரே தடிமனாக அமையாததால் வருவது, பிறவியிலேயே உள்ளது. பழைய பதிவு இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள், முன்பும் அப்படித்தான் ஒலித்திருக்கும்.

*விரிசல் சந்தேகம்:* ரீங்காரம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் செத்துப்போகிறது, அதோடு கரகரப்பும் சேர்ந்திருக்கிறது, வெளியில் தளர்ந்தது எதுவும் இல்லை. இப்படியென்றால் கட்டையின் கம்பியை அவிழ்க்க வேண்டாம், நாக்கைக் கயிற்றால் கட்டிவிடுங்கள், தானியங்கியிலிருந்தும் அந்த மணியை நீக்குங்கள். இதற்கு மேல் ஒரு அடிகூட வேண்டாம். விரிசல் ஒவ்வோர் அடிக்கும் வளரும். டார்ச்சால் உதட்டைச் சுற்றியும், உள்ளே மேல்பகுதியில் கொண்டையைச் சுற்றியும் பாருங்கள். பழைய மணிகளில் நாக்கு தொங்க இரும்பு வளையத்தை வெண்கலத்தோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். அந்த இரும்பு துருப்பிடித்து உப்பினால் உள்ளிருந்தே மணியை வெடிக்க வைக்கும். கொண்டையருகே துருக்கோடு கண்டால், ஒலி நன்றாக இருந்தாலும் நிபுணரிடம் சொல்லுங்கள்.

சாயம் ஊடுருவும் சோதனையில் மயிரிழை விரிசலும் தெரியும். அதை நிபுணர்கள் செய்வார்கள். உள்ளூர் வெல்டரிடம் காட்டாதீர்கள். மணியை இறக்கி, உலையில் மொத்தமாகச் சூடேற்றித்தான் பற்றவைக்க வேண்டும். இடத்திலேயே சுட்டால் பக்கத்தில் புது விரிசல் விடும்.

அறிகுறி 6: ஒலி காதைக் கிழிக்கிறது

முன்பு உருண்டையாக இருந்த ஒலி, தகரம் தட்டுவதுபோல ஆகிவிட்டதா? நாக்கின் குண்டைப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டுப் பட்டு அந்தப் பகுதி தட்டையாகி இறுகியிருக்கும். விரலால் தடவினால் வளைவுக்கு நடுவே ஒரு சமதளம் தட்டுப்படும். அதிகம் வாசிக்கப்படும் நடு சுரங்களில் இது முதலில் வரும்.

நாக்கைத் திருப்பிப் புது முகம் காட்டும் அமைப்பு இருந்தால் அதுவே மலிவான தீர்வு. இல்லையென்றால் அரத்தால் பழைய வளைவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒவ்வோர் மணிக்கும் ஒலியின் குணம் ஒத்துவரும்படி செய்யும் நுணுக்கமான வேலை, பழகாத கை தொடக் கூடாது. மணியிலேயே குழி விழுந்திருந்தால் மணியைக் கொஞ்சம் திருப்பி மாட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பளு தூக்கும் ஆட்கள் வேண்டும்.

அறிகுறி 7: ஒரு மணி மட்டும் சுருதி விலகுகிறது

போனில் டியூனர் ஆப் வைத்துப் பார்த்துவிட்டு வருவார்கள். அது மணிக்குச் சரிப்படாது. மணியின் ஒலியில் ஒரு ஸ்தாயி கீழே ஒரு முனகல், அதோடு மைனர் மூன்றாம் சுரம், அதாவது நம் சாதாரண காந்தாரம், உரத்துக் கேட்கும். ஆப் இதில் எதையாவது பிடித்துக்கொண்டு எதையாவது சொல்லும். காதையும் பழைய பதிவையும் நம்புங்கள்.

நாக்கு மாற்றிய பிறகு வந்ததா? அப்படியென்றால் சுருதி மாறவில்லை, ஒலியின் நிறம்தான் மாறியிருக்கிறது. பழைய எடையுள்ள நாக்கை மாட்டிப் பாருங்கள். அப்படி இல்லாமல், மேல் ஸ்தாயியின் சிறிய மணிகள் பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகியிருந்தால் அது அரிப்பு. மாசுக்காற்று எல்லா மணியையும் தின்னும், மெல்லிய மணியில் அது சுருதியாகத் தெரியும்.

மணியைச் சுருதி சேர்ப்பது என்றால் உட்புறத்தில் கடைந்து உலோகத்தை எடுப்பது. மணி வார்ப்பவர்களான ஹெமோனி சகோதரர்கள் 1644-இல் நெதர்லாந்தின் சுட்ஃபென் நகரத்துக்குச் செய்த கரிலானிலிருந்து இன்றுவரை முறை அதுதான். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. அரமோ கிரைண்டரோ கையில் எடுக்காதீர்கள், மணி வார்ப்பு நிலையத்துக்கு மட்டும்தான் அந்த உரிமை.

அறிகுறி 8: தானியங்கி மணிநேரம் தவறுகிறது

கால்மணிக்கு ஒருமுறை தானியங்கி ஒலிக்கும் அந்தப் பழகிய வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டு லண்டனில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது 1793-இல் கேம்பிரிட்ஜின் கிரேட் செயின்ட் மேரிஸ் என்ற பல்கலைக்கழகத் தேவாலயத்துக்காக அமைந்தது. அதில் ஒரு சுரம் மட்டும் விட்டுப்போனால் அந்தச் சுத்தியலின் காந்தச் சுருளோ அதற்குப் போகும் கம்பியோ. மொத்தமும் அமைதி என்றால் ஃபியூஸ், டைமர். சரியாக ஒரு மணிநேரம் தள்ளி அடித்தால் கோடை நேர மாற்றம் பதியவில்லை. மின்சாரப் பெட்டியைத் திறக்கும் வேலை எலக்ட்ரீஷியனுக்கு.

நிபுணரை அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை

மணியின் வரிசை எண், அதன் மேல் வார்த்திருக்கும் எழுத்துகளின் படம், குறை தொடங்கிய தேதி, அன்றைய வெப்பநிலை, நீங்கள் எத்தனை கால் சுற்று எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்ற கணக்கு. குறையுள்ள மணியையும் அதன் இரண்டு பக்கத்து மணிகளையும் ஒரே பலத்தில் அடித்து, ரீங்காரம் முழுக்க அடங்கும்வரை பதிவு செய்யுங்கள். விரிசல் சந்தேகம் உள்ள மணிக்கு மட்டும் புதுப் பதிவு வேண்டாம், பழையது இருந்தால் அதை அனுப்புங்கள்.